கதவில் ஒட்டிய தாள்

தாராவி, பம்பாய்-17
12-6-1963

அன்புள்ள அண்ணனுக்கு,

செண்பகவல்லி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். மதினிக்கு மசக்கை வாந்தி நின்றதா, சோறு இறங்குகிறதா என்று முதலில் எழுதுங்கள்.

பம்பாய் வந்து மூன்று வாரமாகியும் ஒரு கார்டுகூடப் போடவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். கோபப்படுங்கள், நியாயம்தான். உங்கள் மருமகன் என்னைப் பேனா பிடிக்க விட்டால்தானே. பிறந்தது முதல் பத்து மாதம் உங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு கையாகத் தூக்கி வைத்துக்கொண்டு காசிராஜனைக் கெடுத்துவிட்டீர்கள். இங்கே நான் ஒருத்திதான்.

எங்கள் அறை பத்தடிக்கு எட்டடி. அடுப்படி, படுக்கை, சாமி படம் எல்லாம் அதற்குள். சாத்தான்குளத்தில் அவன் தவழ்ந்து அடுப்படிக்குப் போய்ச் சேருவதற்குள் யாராவது தூக்கிவிடுவோம். இங்கே புரண்டு படுத்தாலே அடுப்படி. விறகு கிடையாது, சீமெண்ணெய் ஊற்றி பம்ப் அடிக்கிற ஸ்டவ்தான். கைக்குக் கிடைப்பதெல்லாம் அவன் வாய்க்குள் போகிறது.

உங்கள் மாப்பிள்ளைக்கு மாட்டுங்கா ஒர்க்ஷாப்பில் முதலுதவி வகுப்பு நடத்தி ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். போன வாரம் காசிராஜனுக்குப் பொரிகடலை தொண்டையில் சிக்கிக் கண் பிதுங்கிவிட்டது. சர்ட்டிபிகேட்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பக்கத்து அறை சைனப் அக்கா ஓடி வந்து பிள்ளையைக் கை மேல் குப்புறப் போட்டு முதுகில் நாலு தட்டுத் தட்டினாள். கடலை வெளியே விழுந்தது.

"வகுப்புல என்னதான் சொல்லிக் குடுத்தாவ?" என்று கேட்டேன்.

"மெஷின்ல கை சிக்குனா கட்டுப் போடச் சொல்லிக் குடுத்தான். பிள்ளையளப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அன்று முழுக்க அவனை இடுப்பை விட்டு இறக்கவில்லை அண்ணே. பெற்றுவிட்டேனே தவிர, பிள்ளைக்கு ஒன்று ஆனால் உடனே என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் கம்பவுண்டர். வரிசையாக எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை செண்பகவல்லி


சாத்தான்குளம்
20-6-1963

அன்புத் தங்கை செண்பகவல்லிக்கு,

அண்ணன் சிவனாண்டியின் ஆசிகள். உன் மதினிக்கு வாந்தி நின்றுவிட்டது. இப்போது மாங்காய் கேட்டு என் உயிரை வாங்குகிறாள். மற்றபடி எல்லாரும் சௌக்கியம். மாப்பிள்ளைக்கு என் அன்பு. மருமகனுக்கு இரண்டு முத்தம்.

நீ கேட்டதை டாக்டரிடம் கேட்டு எழுதலாம் என்றுதான் பார்த்தேன். அவர் எதைக் கேட்டாலும், "பிள்ளையைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?" என்பார். பதினேழு வருஷமாக அவர் பக்கத்தில் நின்று மருந்து கலக்குகிறவனுக்கு அவ்வளவுகூடத் தெரியாதா? ஆகவே நானே எழுதுகிறேன்.

மூன்று விஷயம் உனக்குப் போதும். சுட்டுக்கொண்டால் பச்சைத் தண்ணீரில் முக்கி வை. மை, மாவு எதையும் அப்பாதே. தொண்டையில் சிக்கினால் உன் சைனப் அக்கா செய்ததேதான். அந்த அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்.

மூன்றாவதுதான் முக்கியம். வேண்டாத எதை விழுங்கினாலும், எதைக் குடித்தாலும், முதல் வேலை அதை வெளியே கொண்டுவருவது. டம்ளர் தண்ணீரில் கைப்பிடி உப்பைக் கரைத்துப் புகட்டு. விரலை விட்டு வாந்தி எடுக்க வை. முழுக்க வரும்வரை விடாதே. ஆஸ்பத்திரி அப்புறம். நம் பக்கத்தில் அரளிக்கொட்டைக்குப் பஞ்சமில்லை என்பது உனக்குத் தெரியும். போன மாதம்கூட மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் அரைத்துக் குடித்துவிட்டாள். டாக்டர் கார் வருவதற்குள் நான் உப்புத் தண்ணீர் புகட்டிவிட்டேன். இப்போது எதுவும் நடக்காத மாதிரி சந்தைக்குப் போய் வருகிறாள்.

இதைத் தனித்தாளில் கொட்டை எழுத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கதவில் ஒட்டி வை. பயப்படாதே. அண்ணன் பக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்.

உன் நலம் நாடும்,
சிவனாண்டி


தாராவி
7-7-1963

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எல்லாரும் சுகம். மதினிக்கு மாங்காய் வாங்கிக் கொடுப்பதை விட்டு என்னிடம் கோள் சொல்கிறீர்களே, நன்றாக இருக்கிறதா?

உங்கள் தாள் கதவின் உள்பக்கம் சோற்றுப் பசையில் ஒட்டியாகிவிட்டது. இவர் சர்ட்டிபிகேட்டுக்கு நேர் எதிரே. ஒட்டின நாலாம் நாளே வேலை வந்துவிட்டது. எதிர் அறைப் பிள்ளை கொதிக்கிற டீயில் கையை விட்டுவிட்டது. அவர்கள் மைக்கூட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் பிள்ளையின் கையைத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டேன். கொப்புளம் சின்னதாக வந்து வற்றிவிட்டது. அதிலிருந்து உங்கள் பேர் இந்தச் சந்தில் கொடி கட்டிப் பறக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் வந்து, "சாத்தான்குளம் டாக்டர் எழுதுனத வாசி" என்று உட்கார்ந்துகொள்கிறார்கள். டாக்டர் இல்லை, கம்பவுண்டர் என்று நானும் திருத்துவதில்லை.

மழை ஊற்றுகிறது. குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான். உங்கள் மருமகன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். மதினி கொடுத்த சின்ன எவர்சில்வர் டம்ளரில்தான் தண்ணீர் குடிப்பான். வேறு எதில் கொடுத்தாலும் தட்டிவிடுவான். அவ்வளவு பெரிய மனுஷன். மழைக்கு நடுவே சீமெண்ணெய்க்கு வரிசையில் நின்றதில் புனலை யாரோ மிதித்து நசுக்கிவிட்டார்கள், புதிது வாங்க வேண்டும்.

மதினி உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செண்பகவல்லி


சாத்தான்குளம்
24-7-1963

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். உன் மதினிக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. குறை ஒன்றும் இல்லை. நீங்கள் மூவரும் நலம்தானே?

காசிராஜனுக்குக் காது குத்த ஆவணி பத்தொன்பதாம் தேதி நாள் குறித்துவிட்டேன். திருச்செந்தூரில் மொட்டை போட்டு, என் மடியில் உட்கார வைத்துக் குத்துகிறோம். கடுக்கன் செய்தாகிவிட்டது. ஆசாரி கொடுத்ததும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவன், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளையை இப்போதே லீவு எழுதிக் கொடுக்கச் சொல்.

சந்தில் என் பேர் பறக்கிறது என்று எழுதியிருந்தாய். உன் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். "இனிமே இவுகளப் பிடிக்க முடியாது" என்கிறாள்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
சிவனாண்டி


தாராவி
9-8-1963

மச்சான் அவர்களுக்கு,

கணேசபாண்டியன் எழுதுவது. நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. மன்னிக்கவும்.

முதல் தேதி கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். காசிராஜனுக்கு மூன்று நாள் காய்ச்சல். நெஞ்சில் நிமோனியா என்றார்கள். சயான் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் போய்விட்டான். அன்றே அடக்கம் செய்தோம்.

நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம். மதினி இருக்கிற நிலையில் அவர்களைத் தனியே விட்டு வரக்கூடாது என்று செண்பகவல்லி சொல்லச் சொன்னாள். இந்தக் கடிதமும் அவள் சொல்லச் சொல்ல எழுதியதுதான். இதற்கு மேல் எழுத வேண்டாம் என்கிறாள்.

கணேசபாண்டியன்


சாத்தான்குளம்
16-8-1963

அன்புத் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் மதினி எழுந்திருக்கவே இல்லை. நானும் வேலைக்குப் போகவில்லை.

நான் பக்கத்தில் இருந்திருந்தால் விட்டிருப்பேனா என்று அதே நினைப்பாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு நிமோனியா வரும். ஆனால் மூன்றே நாளில் கொண்டுபோகிற மாதிரி எப்படி வந்தது? மழையில் நனைந்தானா? காய்ச்சல் எந்த வேளையில் ஆரம்பித்தது? அதற்கு முன்னால் ஏதாவது தின்றானா, குடித்தானா? நான் எழுதிக் கொடுத்த தாள் கதவில் இருந்ததே, அதைப் பார்த்து ஏதாவது செய்தாயா? உன்னைக் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை அம்மா. தெரிந்துகொண்டால் மனசு கொஞ்சம் அடங்கும் என்றுதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

சிவனாண்டி


தாராவி
3-11-1963

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் இருக்கிறோம். மதினிக்குப் பெண் குழந்தை பிறந்து இருவரும் நலம் என்ற கார்டு வந்தது. கனகவள்ளி என்ற பேர் நன்றாக இருக்கிறது. அத்தையின் ஆசி எப்போதும் அவளுக்கு உண்டு.

உங்கள் மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் போடாததைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டிருந்த விவரங்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. மழைக்காலம், எல்லாப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் இருந்தது.

கதவில் இருந்த தாளை எடுத்துவிட்டேன். ஈரத்தில் நைந்துவிட்டது.

நான் சாப்பிடுகிறேனா என்று மதினி கேட்டிருந்தாள். சாப்பிடுகிறேன். உப்பு மட்டும் சேர்ப்பதில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வாய்க்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவரும் எனக்காக உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்.

செண்பகவல்லி


சாத்தான்குளம்
10-1-1964

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். நாங்கள் நலம். கனகவள்ளி முகம் பார்த்துச் சிரிக்கிறாள். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? வாய்க்குப் பிடிக்காவிட்டாலும் உப்பில்லாமல் சாப்பிடாதே, தெம்பு போய்விடும்.

ஒரு காரியம் செய்யப்போகிறேன். உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன். காசிராஜன் நினைவாக ஒரு நோட்டீஸ் அச்சடித்து மாசித் திருவிழாவில் திருச்செந்தூர் வருகிற தாய்மார்களுக்கெல்லாம் கொடுக்கப்போகிறேன். உனக்கு எழுதிக் கொடுத்தேனே, அதே மூன்று விஷயம். குழந்தை பெற்றவர்கள் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டியது. ஆயிரம் நோட்டீஸ். மேலே குழந்தையின் பேர் இருக்கும். அவன் பேரைச் சொல்லி நாலு பிள்ளை பிழைக்கட்டும்.

மூன்றாவதில் மட்டும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறேன். இங்கேயும் இப்போது வீட்டுக்கு வீடு ஸ்டவ் வந்துவிட்டது. ஆகவே, "அரளியோ, சீமெண்ணெயோ, எதுவானாலும் உடனே உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யவும்" என்று போடுகிறேன். நாமும் ஒரு ஸ்டவ் வாங்கியாகிவிட்டது. உன் மதினி அதன் பக்கத்திலேயே உப்பு ஜாடியைத் தயாராக வைத்திருக்கிறாள்.

வருகிற வெள்ளிக்கிழமை கழித்து அச்சுக்குக் கொடுக்கிறேன். உனக்கும் நூறு அனுப்புகிறேன், உன் சந்தில் கொடு.

சிவனாண்டி


தாராவி
17-1-1964

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று காலை கொடுத்த தந்தி இந்தக் கடிதத்துக்கு முன்பே கிடைத்திருக்கும். நோட்டீஸை அச்சடிக்காதீர்கள். மதினியிடம் சொல்லி உப்பு ஜாடியை அடுப்படியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கனகவள்ளிக்கு என்ன ஆனாலும் உப்புத் தண்ணீர் புகட்ட வேண்டாம். இதை முதலில் செய்துவிட்டு மீதியை வாசியுங்கள்.

இதை எழுதவே கூடாது என்று இருந்தேன். அவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். ஐந்து மாதமாக நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

ஜூலை 29, திங்கட்கிழமை காலை. அவர் ஆறரைக்கே ஷிப்டுக்குப் போய்விட்டார். புனல் நசுங்கிக் கிடந்ததால் நான் காசிராஜனின் டம்ளரில் சீமெண்ணெயை எடுத்து ஸ்டவ்வில் ஊற்றிக்கொண்டிருந்தேன். சின்ன டம்ளர், சிந்தாமல் ஊற்ற வாகாக இருக்கும். வெளியே "பானி ஆயா", தண்ணீர் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டது. மிச்சம் இருந்த டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு குடம் பிடிக்கிற நேரம்தான். திரும்பி வந்தபோது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். வாயெல்லாம் சீமெண்ணெய் வாடை. டம்ளரில் குறைந்திருந்தது இரண்டு வாய்தான் இருக்கும்.

அழுதுகொண்டிருந்தான் அண்ணே. நன்றாக மூச்சு விட்டுக் குரலெடுத்து அழுதான். அதை நான் யோசிக்கவில்லை. கதவைப் பார்த்தேன்.

சைனப் அக்கா வந்து பிள்ளையைத் தூக்கப் பார்த்தாள். "ஏ புள்ள, ஆஸ்பத்திரி பக்கத்துலதான இருக்கு, தூக்கிட்டு ஓடிருவோம்" என்றாள்.

"எங்க அண்ணன் எழுதியிருக்காவ. மொதல்ல வாந்தி எடுக்கணும்" என்று அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

நாலு தடவை புகட்டினேன். முழுக்க வரும்வரை விடாதே என்று இருந்தது, நான் விடவில்லை. மூன்றாம் தடவை வாந்தி எடுக்கும்போது அவனுக்குப் புரை ஏறி உதடு நீலம் பூத்தது. பிறகு அழுகை நின்று என் தோளில் படுத்துக்கொண்டான். வெளியே வந்துவிட்டது, பிள்ளைக்கு அலுப்பு என்று நினைத்தேன். தூளியில் போட்டு ஆட்டினேன். உங்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் தாள் என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டது என்று சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

மத்தியானம் அவன் மூச்சு விடுகிற வேகத்தைப் பார்த்துத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, வாந்தி எடுக்க வைத்தீர்களா என்பது. ஆமாம் என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. தமிழ் தெரிந்த நர்ஸை அழைத்து மெதுவாகச் சொல்லச் சொன்னார்கள். "சீமெண்ணெய் வயித்துல கிடந்தாக்கூடப் பிள்ளை பொழைச்சிரும்மா. வாந்தி எடுக்கும்போது அது மேல வந்து மூச்சுக்குழல்ல இறங்கிரும். நெஞ்சு வெந்து போச்சு. உப்புத் தண்ணியும் இத்தனை சின்னப் பிள்ளைக்கு ஆகாது. எது குடிச்சாலும் பாட்டிலோட நேரே இங்க வந்திருக்கணும்" என்றாள்.

சாயங்காலம் அவர் ஷிப்ட் முடிந்து ஓடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். 

"பெட்ரோல் ட்யூப்ப வாயால உறிஞ்சும்போது உள்ள போயிட்டா வாந்தி எடுக்கக் கூடாதுன்னு வகுப்புல சொன்னான்" என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க பெட்ரோல் உறிஞ்சப் போறன்னு நெனச்சேன்."

அவருக்குத் தெரிந்தது சுவரில் இருந்தது. நீங்கள் எழுதியது எதிரே கதவில் இருந்தது. நடுவில் நான் உப்பைக் கரைத்துக்கொண்டிருந்தேன். தாள் நைந்துபோகவில்லை அண்ணே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நானே நகத்தால் சுரண்டி எடுத்தேன். அவர் சர்ட்டிபிகேட்டைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்றுதான் மறைத்தேன். அன்பாகத்தான் எழுதினீர்கள், நான் கேட்டுத்தான் எழுதினீர்கள். இது என்னோடு போகட்டும் என்று இருந்தேன். ஆனால் அவன் பேரை மேலே போட்டு அதே வரியை ஆயிரம் தாய்மார் கையில் கொடுக்கப்போகிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஸ்டவ் இருக்கிறது. இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது என் பாவம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். அது முழு உண்மை இல்லை. சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. என் மேல் இருக்கிற அளவு இல்லை.

செண்பகவல்லி


சாத்தான்குளம்
15-2-1964

அன்புள்ள மதினி செண்பகவல்லிக்கு,

இசக்கியம்மாள் எழுதுவது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பிள்ளை சுகம். நீயும் அண்ணனும் எப்படி இருக்கீக?

உன் கடிதம் வந்த அன்றைக்கு உங்க அண்ணன் உப்பு ஜாடியைக் கிணற்றடியில் போட்டு உடைத்தாக.  அதுக்குப் பிறகு கனகவள்ளியைத் தூக்குவதே இல்லை. தூக்கச் சொன்னால், "என் கை வேண்டாம்" என்கிறாக. உன் கடிதத்துக்குப் பதில் எழுதச் சொன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்காக. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

நீ ஏன் சொன்னாய் என்று நான் கேட்க மாட்டேன். நீ சொல்லாவிட்டால் நான் அந்த ஜாடியைத்தான் நம்பியிருப்பேன். என் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் உன்னை நினைக்கிறேன்.

இசக்கியம்மாள்


சாத்தான்குளம்
4-3-1964

தங்கை செண்பகவல்லிக்கு,

மாசித் திருவிழா முடிந்துவிட்டது. நோட்டீஸ் கொடுத்தேன். உனக்கு நூறு தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய் டாக்டர் கையில் கொடுத்தேன். அவர் கடைசிவரை வாசித்தார். "என்னைக் கேட்டிருக்கலாமே சிவனாண்டி" என்றார். அவ்வளவுதான். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். "மருந்து கலக்க நீ வேண்டும். எழுதுவதை மட்டும் நான் எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டு, அவரே பேனாவை எடுத்து மூன்றாவதை மாற்றி எழுதினார். அரளிக்கும் வீட்டில் உப்புத் தண்ணீர் வேண்டாம் என்றார். அன்றைக்கு அந்தப் பெண் பிழைத்தது என் உப்புத் தண்ணீரால் அல்ல, பின்னால் அவர் கொடுத்த மருந்தால் என்றும் சொன்னார். இத்தனை நாள் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

மன்னிப்பைக் கடிதத்தில் கேட்கிறவன் இல்லை நான். நேரில் வந்து கேட்க இன்னும் கால் எழவில்லை. கடுக்கன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.

நோட்டீஸில் கடைசியாக ஒரு வரி நானாகச் சேர்த்தது. டாக்டர் வேண்டாம் என்றார். உன் மதினியும் அழுதாள். நான் கேட்கவில்லை.

சிவனாண்டி


தாராவி
22-3-1964

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் சுகம். மதினியும் கனகவள்ளியும் சுகம்தானே? நீங்கள் பிள்ளையைத் தூக்குகிறீர்களா? தூக்குங்கள். அவள் என்ன செய்தாள்?

பார்சல் வந்தது. ஒரு நோட்டீஸைக் கதவில், பழைய தாள் இருந்த அதே இடத்தில் ஒட்டியிருக்கிறேன். பசையின் கறை இன்னும் போகவில்லை, அதன் மேலேயே ஒட்டினேன். அவர் சர்ட்டிபிகேட்டைத் திரும்ப மாட்டவில்லை. ஆனால் ஒர்க்ஷாப்புக்கு இருபது நோட்டீஸ் கொண்டுபோனார். வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களிடம், "இங்க கேட்டத வீட்டுல போய்ப் பொம்பளையள்ட்டச் சொல்லுங்க" என்று சொன்னாராம். அவருக்குப் பேசத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு அழுதுவிட்டாராம். கூட வேலை பார்க்கிறவர் வந்து சொன்னார்.

நான் காலையில் குழாயடியில் வாசிக்கிறேன். தண்ணீர் வருவதற்கு முன்னால் எல்லாரும் குடத்தை வைத்துக்கொண்டு சும்மாதான் நிற்கிறார்கள். நான் தமிழில் வாசிப்பேன், சைனப் அக்கா இந்தியில் சொல்லுவாள். "சீமெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரோ வேறு எதுவோ புகட்டாதீர்கள். வாயைத் துடைத்து, நனைந்த துணியை மாற்றி, நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடித்தது எதிலிருந்தோ அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்." வாசித்து முடிந்ததும் ஒவ்வொருத்தியையும் திருப்பிச் சொல்லச் சொல்வேன். சிலர் சிரிக்கிறார்கள். போன வாரம் பின் சந்தில் ஒரு பிள்ளை குடித்துவிட்டது. அதன் அம்மா ஒன்றும் புகட்டாமல், பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடியிருக்கிறாள். நாலாம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். பிறகு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதேன். ஆனாலும் அன்று சாயங்காலம் குழம்பில் உப்புப் போட்டேன். அவரும் சாப்பிட்டார்.

நீங்கள் கடைசியில் சேர்த்த வரியைப் பார்த்தேன். "மூன்றாவதைத் தவறாக எழுதிக் கொடுத்து, என் மருமகன் காசிராஜனைக் கொன்றவன் நான். சிவனாண்டி, கம்பவுண்டர், சாத்தான்குளம்" என்று அத்தனை பேர் பார்க்க அச்சில் போட்டிருக்கிறீர்கள். கதவில் ஒட்டியதில் அந்த வரியைக் கத்தரித்துவிட்டுத்தான் ஒட்டினேன். கையில் வைத்து வாசிக்கிற நோட்டீஸில் அது இருக்கிறது. மற்றதெல்லாம் ஓர் எழுத்து விடாமல் வாசிப்பேன். அந்த இடம் வரும்போது கட்டை விரலை அதன் மேல் வைத்துக்கொள்வேன்.

நேற்று சைனப் அக்கா அதைக் கவனித்துவிட்டாள். "கீழ இன்னும் ஏதோ எழுதியிருக்குல்ல, அது என்ன புள்ள?" என்று கேட்டாள்.

"எங்க அண்ணன் பேரு" என்று சொன்னேன்.

உங்கள் தங்கை,
செண்பகவல்லி